25 வினாடிக் காபி

இத்தாலியில் சொல்லிக்கொள்ளும்படி காபி விளைவதில்லை. பிரேசில், வியட்நாம், உகாண்டா, இந்தியா என்று பல திசைகளிலிருந்து கொட்டை கப்பலில் வந்து இறங்குகிறது. ஆனாலும் அந்த நாட்டுக் காபிக்குத் தனி ருசி. அதன் காரணத்தைக் கொட்டையில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி, தூளுக்குள் தண்ணீரை எப்படி அனுப்புகிறார்கள் என்பதில் இருக்கிறது.

அங்கே ‘பார்’ என்றால் பெரும்பாலும் காபிக் கடைதான். பணியாளர் சுமார் 7 கிராம் தூளைப் பிடிவைத்த சல்லடைக் கிண்ணத்தில் நிரப்பி, அழுத்தி வில்லையாக்கி, இயந்திரத்தில் பூட்டுகிறார். முதல் சில வினாடிகள் ஒன்றும் வருவதில்லை. பிறகு கரும்பழுப்பாக ஓர் ஒழுக்கு, எலிவால் தடிமனில். இத்தாலியர்களும் அதை எலிவால் என்றுதான் சொல்கிறார்கள். 25 வினாடியில் 25 மில்லி. அவ்வளவுதான் எஸ்பிரெசோ.

நம் வீட்டு ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் இறங்குகிறது. எஸ்பிரெசோ இயந்திரமோ வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு விசையோடு அதைத் தள்ளுகிறது. கிண்ணத்தின் விட்டம் வழக்கமாக 58 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், அந்தச் சின்ன வில்லையின் தலையில் சுமார் 240 கிலோ பாரம்! இந்த அழுத்தம் இருப்பதால்தான் தூளை மிக நைசாக அரைக்க முடிகிறது. அத்தனை நைசான தூளை நம் ஃபில்டரில் போட்டால் அடைத்துக்கொள்ளும். நைசாக அரைக்க அரைக்கத் தண்ணீர் தொடும் பரப்பு கூடும், சாரமும் வேகமாக இறங்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. கொட்டையில் உள்ள எண்ணெய் சாதாரணமாகத் தண்ணீரோடு சேராது. அழுத்தம் அதைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, பாலில் கொழுப்பு கலந்திருப்பதுபோலக் கலந்துவிடுகிறது. காகித வடிகட்டி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். உலோகச் சல்லடை விட்டுவிடும். குடித்து வெகுநேரமாகியும் நாக்கில் வாசனை தங்குவது இந்தத் துளிகளின் உபயம்.

மேலே படரும் பொன்னிற நுரைக்குப் பால் காரணமல்ல. வறுக்கும்போது கொட்டைக்குள் உண்டாகும் கரியமில வாயு அங்கேயே சிறைப்பட்டிருக்கிறது. அழுத்தத்தில் அது தண்ணீரில் கரைகிறது. கோப்பையில் விழுந்ததும் சோடா மூடியைத் திறந்ததுபோல் குமிழிகளாக வெளியேறுகிறது. பழைய தூளில் வாயு ஏற்கெனவே போய்விட்டிருக்கும், நுரையும் நிற்காது. அழகான நுரைதான் என்றாலும், தனியாகச் சுவைத்தால் நல்ல கசப்பு. கலக்கிவிட்டுக் குடிப்பதே என் கட்சி.

இந்த நுரை பிந்தி வந்ததுதான். டூரினில் ஆஞ்செலோ மொரியோண்டோ 1884-இல் காப்புரிமை பெற்ற இயந்திரமும், மிலானின் லூயிஜி பெட்சேரா 1901-இல் வடிவமைத்ததும் நீராவியை நம்பியவை. நீராவியின் அழுத்தம் சொற்பம், சூடோ அதிகம். காபி தீய்ந்து கசந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அகில்லே காஜ்ஜா சுருள்வில்லும் கைப்பிடியும் வைத்துத் தள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்தபோதுதான் நுரை தோன்றியது. பார்த்தவர்களுக்குச் சந்தேகம். அவரோ ‘இயற்கையான காபி கிரீம்’ என்று இயந்திரத்தின் மேலேயே எழுதிவைத்து, குறையை விளம்பரமாக்கினார். 1961-இல் ஃபயேமா நிறுவனத்தின் ‘இ61’ கைப்பிடியின் வேலையை மின்பம்புக்குக் கொடுத்தது.

இனி கொட்டை. அதில் முக்கியமாக இரண்டு வகை: வாசனைக்கு அராபிகா, கெட்டியான நுரைக்கும் காரத்துக்கும் ரோபஸ்டா. தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் போகப் போக ரோபஸ்டா கூடும், வறுவலும் கருக்கும். அதில்தான் நமக்கு ஓர் உறவு: இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. மேற்குத் தொடர்ச்சி மலை நிழலில் விளைந்து, கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டாவுக்கு அந்தக் கலவைகளில் நல்ல மரியாதை.

இத்தனை கெட்டியாக இருப்பதால் கஃபீனும் கொட்டிக்கிடக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். வீண் பயம். அளவு சிறிது என்பதால், ஒரு பெரிய கோப்பை வடிகாபியில் உள்ளதைவிட இதில் குறைவுதான்.

25 மில்லி திரவம் சட்டென்று ஆறிவிடும். நுரையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதனால்தான் தடித்த பீங்கான் கோப்பைகளை இயந்திரத்தின் தலையிலேயே அடுக்கிச் சூடாக வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரும் நின்றபடியே இரண்டு மூன்று மிடறில் முடித்துவிட்டு நடையைக் கட்டுகிறார். உட்கார்ந்து குடித்தால் பல கடைகளில் விலையும் கூடுதல்.