‘லீடிங் கொஸ்டின்’ எப்படி ‘வழிகாட்டும் கேள்வி’ ஆகும்?

நீதிமன்றச் செய்திகளில் ‘லீடிங் கொஸ்டின்’ என்பதை ‘வழிகாட்டும் கேள்வி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ‘முன்னணிக் கேள்வி’ என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் பிழை.

‘லீட்’ இங்கே கையைப் பிடித்துக் கூட்டிப்போவது. கேட்பவர் எதிர்பார்க்கும் விடையைத் தன்னுள்ளேயே உணர்த்திவிடும் கேள்வி என்றுதான் 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 141-ஆம் பிரிவில் வரையறுத்தது. சாட்சியை அழைத்த தரப்பே கேட்கும் முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். “அன்றிரவு என்ன பார்த்தீர்கள்?” சாதாரணக் கேள்வி. “இவர் கத்தியோடு ஓடியதைப் பார்த்தீர்கள்தானே?” என்றால் ஆள், கத்தி, ஓட்டம் மூன்றும் கேட்பவருடையவை. சாட்சிக்கு மிச்சம் ஒரு “ஆமாம்”.

தமிழில் வழிகாட்டி நல்லவர். அந்தப் பெயரை வைத்தால் வக்கீல் எதற்காக எழுந்து ஆட்சேபிக்கிறார் என்பதே வாசகருக்குப் புரியாது. அதைவிடப் பெரிய குறை, வழி காட்ட வேண்டுமானால் போய்ச்சேரும் இடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இந்தக் கேள்வியோ இல்லாத இடத்தையே உண்டாக்கிவிடும். 1974-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் “மோதி நொறுங்கியபோது” என்ன வேகம் என்று 50 பேரிடம், “இடித்தபோது” என்ன வேகம் என்று 50 பேரிடம் கேட்டார்கள். மற்ற 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆனாலும் “நொறுங்கிய” என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். “இடித்த” என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர், மற்றவர்களில் 6 பேர். ஒரு வினைச்சொல், இல்லாத கண்ணாடியை நினைவுக்குள் ஊட்டிவிட்டது.

அதனால் ‘விடையூட்டும் கேள்வி’ என்பதே பொருந்தும். ‘தூண்டும் கேள்வி’ பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். குற்றத்துக்கு உடந்தையாகத் தூண்டுவதற்குச் சட்டத்தமிழ் அந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டது. சிந்தனையைத் தூண்டும் கேள்வியோ பாராட்டு. ‘லீடிங் கொஸ்டின்’ என்றே எழுதினால்கூடப் பொருள் கெடாது. தவறான தமிழைவிட அது மேல்.

பெயரைவிடக் கேள்வியைப் பெயர்ப்பதில்தான் பெரிய சேதம். “உடைந்த விளக்கு ஏதாவது பார்த்தீர்களா?” என்பதும் “அந்த உடைந்த விளக்கைப் பார்த்தீர்களா?” என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் ‘அந்த’வும் ‘ஐ’ உருபும் சேர்ந்து விளக்கு உடைந்ததை முடிந்த சங்கதியாக்கிவிடுகின்றன. இவற்றையும் ‘தானே’, ‘அல்லவா’ போன்றவற்றையும் பொருளற்ற அசைநிலை என்று நினைத்து மொழிபெயர்ப்பாளர்கள் உதிர்த்துவிடுகிறார்கள். பிறகு, அடுத்த வரியில் வரும் ஆட்சேபணை எதன் மீது என்று தேட வேண்டியிருக்கிறது.