சாண்ட்விச் மேக்கர் வாங்கும்முன் பிளக்கைப் பாருங்கள்

போன ஆடி மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு சாண்ட்விச் மேக்கரைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். "தம்பி, பிரெட் நன்றாகத்தான் முறுகுகிறது. மேல்மூடியைத் தொட்டால் மட்டும் சுருக்கென்கிறது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்வதில்லை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று வாரமாகச் செருப்புப் போட்டுக்கொண்டே பேரனுக்கு டோஸ்ட் செய்து கொடுத்திருக்கிறார்.

திருச்சியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி, டோஸ்டர் என்று வீட்டுச் சாமான்களைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்டு வருபவர்கள் குறைவு. வாங்கியதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களே அதிகம். அதனால் ஒரு பொருளைப் பார்த்தால், அது எந்த இடத்தில் உடையும் என்பதுதான் என் கண்ணில் முதலில் படும். சாண்ட்விச் மேக்கர் வாங்குகிறவர்களும் அப்படிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

டீச்சரின் மெஷினைக் கழற்றி, மின்கசிவைத் தடுக்கும் திறனை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தேன். முள் ஏறவே இல்லை. அதாவது மின்சாரம் போகும் கம்பிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடுப்பு போய்விட்டது. விசாரித்ததில், சீஸ் ஒட்டிக்கொண்டது என்று ஒருநாள் குழாயடியில் வைத்துக் கழுவியிருக்கிறார். இந்த மெஷினில் தகட்டைச் சூடாக்கும் எலிமென்ட் குழாய் வடிவம். அதற்குள் மெல்லிய சுருள்கம்பி ஓடும். கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். காய்ந்திருக்கும்வரை அந்தப் பொடி மின்சாரத்தை வெளியே விடாது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் காவலாளியே கதவைத் திறந்துவிடுவான்.

கழுவியது ஒரு தவறு. அது மட்டும் என்றால் இவ்வளவு ஆகியிருக்காது. மெஷினோடு வந்தது மூன்று முனை பிளக். அடுப்படி மேடையில் இருந்ததோ பழைய இரண்டு துளை சாக்கெட். நடுவில் இருபது ரூபாய் கன்வெர்ட்டர் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். அதில் எர்த் முனைக்கு வேலையே இல்லை. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் கசிந்த மின்சாரம் அந்த வழியாகப் போயிருக்கும். அதோடு, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் வீட்டில் இருந்திருந்தால், கசிவு தொடங்கியதுமே அது விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டும் இல்லாததால் டீச்சரின் கைவிரல்தான் அதைக் கண்டுபிடித்தது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு அடுப்படிச் சுவரை. கடைக்கு அப்புறம் போகலாம். மூன்று துளை இருந்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் மேல்துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. பார்வைக்கு மட்டும் துளை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதித்துவிடுங்கள். வெளியே எர்த் குழி காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்வார், அதைச் செய்யுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில், சாண்ட்விச் மேக்கருக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்குச் செலவிடலாம் என்பேன். கடைக்காரர்கள் என்னைத் திட்டட்டும்.

இப்போது கடைக்குப் போகலாம். போகும்போது வீட்டில் வழக்கமாக வாங்கும் பிரெட்டில் இரண்டு துண்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முக்கோணமாக வெட்டி ஓரத்தை ஒட்டும் தகட்டில் குழியின் அளவு நிலையானது. நம் தெருமுனை பேக்கரி பால் பிரெட்டின் துண்டு சிறியது. அதை வைத்தால் ஓரம் ஒட்டாமல் உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கு மசாலா பிதுங்கி வெளியே ஓடும். பெரிய சாண்ட்விச் பிரெட்டை வைத்தால் சுற்றிலும் துருத்திக்கொண்டு மூடி மூடாது. வெட்டி ஒட்டும் இந்த வகையை 1974ல் ஆஸ்திரேலியாவில் பிரெவில் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியது. நம் பேக்கரிக்காரரைக் கேட்டுக்கொண்டு யாரும் அச்சு வார்க்கவில்லை. நிறைய கடைகளில் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். துண்டை வைத்து மூடிப் பாருங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மூடும்போதே கீலையும் கவனித்துவிடுங்கள். என் மேசைக்கு வரும் சாண்ட்விச் மேக்கர்களில் பாதிக்கு மேல் மின்கோளாறு கிடையாது. கொக்கி உடைந்தவை, கீல் பிளந்தவை. நம்மவர்கள் பிரெட்டுக்குள் வெங்காயம், தக்காளி, வெள்ளரி, மசாலா, அதன்மேல் சீஸ் என்று அடுக்கிவிட்டுப் பெட்டியை மூடுவதுபோல் அழுத்துவார்கள். கீல் ஒரே இடத்தில் இறுகி நின்றால் பின்பக்கம் நசுங்கும், முன்பக்கம் வாய் பிளந்து நிற்கும். அதை இழுத்துக் கொக்கி மாட்டினால் அந்தப் பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? மேல்தகடு கொஞ்சம் மேலே எழும்பி மட்டமாக உட்காரும்படி நீள்துளையில் ஆடும் கீல்கள் உண்டு. கிரில் வகையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மூடியைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு மேலே தூக்கிப் பாருங்கள். அரை அங்குலமாவது எழும்பினால் நல்லது. பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். அந்த ஆட்டம் உள்ளே மேல்தகட்டுக்குப் போகும் வயரையும் தினமும் ஆட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அறுந்து, கீழ்ப்பக்கம் மட்டும் சிவந்து மேல்பக்கம் வெள்ளையாக வரும். "சார், ஒரு பக்கம்தான் வேகுது" என்று வருகிற மெஷின்களைத் திறக்காமலே நான் கீல் பக்கம் கைவைப்பேன்.

தகடு எது? மசாலா வைத்து ஓரம் மூடிச் சாப்பிடுகிற வீடு என்றால் முக்கோணத் தகடு. காய்கறி அடுக்கி, பன்னீர் வைத்து, சில நாள் சப்பாத்தியையே மடித்து வாட்டுகிற வீடு என்றால் கோடு போட்ட கிரில் தகடு. குழந்தைக்கு வாஃபிள் வேண்டும் என்று மூன்று தகடு மாற்றும் வகையை வாங்குபவர்கள் உண்டு. முதல் மாதம் மூன்றும் புழங்கும்; அப்புறம் ஒன்றுதான் மாட்டியே இருக்கும், மற்ற இரண்டும் மிக்ஸி ஜாருக்குப் பின்னால் கிடக்கும். கழற்றிக் கழுவலாம் என்பது அதன் உண்மையான லாபம். டீச்சருக்கு அந்த வகை இருந்திருந்தால் மெஷினைக் குழாயடிக்குக் கொண்டுபோயிருக்க மாட்டார். ஆனால் தகட்டைப் பிடித்திருக்கும் கிளிப் உலோகமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் விட்டுவிடுங்கள்.

வாட்ஸ் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதில் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுக்கு 700 முதல் 1000 வாட்ஸ் வரை எதுவும் போதும். 750 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் மூன்றேகால் ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். எட்டு நிமிடம் ஓடினாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். வாட்ஸைவிடத் தகட்டின் கனம் முக்கியம். கையில் தூக்கிப் பாருங்கள். மெல்லிய தகட்டில் எலிமென்ட் போகும் வழி மட்டும் கருகி மற்ற இடம் வெளுத்திருக்கும்.

நான்ஸ்டிக் பூச்சு பல பேருக்குப் பயம். பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, ஆனால் அவர்கள் நினைக்கிற இடம் அல்ல. அந்தப் பூச்சு ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் சிதையத் தொடங்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கும்வரை பிரெட் வாட்டும் சூடு அதற்குக் கீழேதான் நிற்கும். தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டால்தான் சூடு எகிறும். புகை கண்ணைக் கரித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறங்கள். அடுப்படியில் லவ் பேர்ட்ஸ் கூண்டு வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றிவிடுங்கள். அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும். பூச்சைச் சுரண்டுவது நாம்தான். கத்தி முனை, தோசைத் திருப்பி, கம்பிப் பிரஷ் எதுவும் வேண்டாம். மரக் கரண்டி போதும். வெண்ணெயைத் தகட்டில் தடவாமல் பிரெட்டின் வெளிப்பக்கம் தடவினால் ஒட்டவும் ஒட்டாது. வாரன்ட்டி அட்டையின் பொடி எழுத்தைப் படித்தால், பூச்சு உரிவது பெரும்பாலும் அதில் சேராது என்று தெரியும்.

ஐஎஸ்ஐ முத்திரை விஷயத்தில் ஒரு சின்ன ஏமாற்று நடக்கிறது. கடைக்காரர் பிளக்கைத் திருப்பி, அதில் பதிந்திருக்கும் முத்திரையைக் காட்டுவார். அது பிளக்குக்குக் கொடுத்தது, மெஷினுக்கு அல்ல. மெஷினின் அடிப்பக்கம் ஒட்டிய பட்டியில் முத்திரையும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். வெளித்தகடு உலோகம், பிளக்கில் இரண்டே முனை என்றால் விலையைக்கூடக் கேட்காதீர்கள்.

என் தொழில்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மெஷினுக்குள் தெர்மல் ஃபியூஸ் என்று விரல்நுனி அளவில் ஒன்று இருக்கும். தெர்மோஸ்டாட் கைவிட்டால், தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றுவது அதன் வேலை. சில ரூபாய் விலைதான். கையில் ஸ்பேர் இல்லை என்று அதைக் கத்தரித்து வயரை நேராக முறுக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தொழில் பழகிய காலத்தில் நானும் இரண்டு மூன்று செய்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பழுது பார்க்கக் கொடுத்தால், மாற்றிய பழைய உதிரியைத் திருப்பிக் கேளுங்கள். பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பி மெஷினை அப்படியே விட்டுப் போகவும் கூடாது. பல மெஷின்களில் அணைக்கும் சுவிட்சே கிடையாது. அந்த விளக்கு சூடு எட்டிவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. சுவரில் அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். ஆறியபின் வயரைத் தளர்வாகச் சுற்றுங்கள். சூட்டோடு இறுக்கிச் சுற்றினால் வயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் வெடிக்கும்.

கல்யாணப் பரிசாக வந்து பரணில் ஆறேழு வருடம் கிடந்த மெஷினை இறக்குபவர்களுக்கு: நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். ஈரம் இறங்கியிருக்கும், கரப்பான் குடியிருக்கும். பக்கத்துக் கடையில் ஒருமுறை மெக்கர் வைத்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். நான் இதற்குக் காசு வாங்குவதில்லை.

டீச்சரின் மெஷினைக் காயவைத்துச் சரிசெய்ய முடியுமா என்று ஒருநாள் முழுக்க வெயிலிலும் விளக்கடியிலும் வைத்துப் பார்த்தேன். முள் கொஞ்சம் ஏறியது, நிலைக்கவில்லை. கைவிட்டேன். அவர் வீட்டில் எர்த் இழுத்து, ஆர்சிசிபி மாட்டி, பத்து நாள் கழித்துத்தான் புது மெஷின் வாங்கினார்; கிரில் தகடு, கழற்றும் வகை. "பழையதை என்ன செய்தாய்?" என்று கேட்டார். அதன் வயரை அடியோடு வெட்டி எடுத்துவிட்டுத்தான் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். வயரோடு போட்டால் தள்ளுவண்டியில் துடைத்து வைத்து நூறு ரூபாய்க்கு விற்றுவிடுவார்கள். வாங்குகிறவர் வீட்டில் ரப்பர் செருப்பு இருக்குமோ என்னவோ.