0127 எப்படி 87 ஆனது?

மலேசியாவில் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வருகைப் பதிவு மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். சம்பளக் கணக்கு முடிக்கிற நேரத்தில் கிராணி (தோட்ட எழுத்தர்) அழைத்தார். "தம்பி, 0127க்குப் பேரே வரல, 0128க்கு வருது. 87னு யாரோ புதுசா இருக்காங்க. அப்படி ஒரு ஆளு நம்ம பெரட்டுல இல்லையே!"

தவறு என்னுடையது. தொழிலாளர் எண்களை யாமல் (YAML, மென்பொருள் படிக்கும் தகவல்களை எழுதிவைக்கும் ஒரு வடிவம்) கோப்பில் மேற்கோள் குறி போடாமல் எழுதிவிட்டேன். பைத்தான் நிரல்மொழியில் யாமலைப் படிக்கப் பலரும் பயன்படுத்தும் பையாமல் (PyYAML) நிரலகம், 2005இல் வந்த யாமல் 1.1 விதிகளையே பின்பற்றுகிறது. பூஜ்யத்தில் தொடங்கினால் அதற்கு அது எட்டின் அடிமான எண்: இடங்கள் 1, 10, 100 அல்ல; 1, 8, 64. 64, 16, 7 என்று கூட்டி 0127ஐ 87 ஆக்கிவிடும். அந்த அடிமானத்தில் 8, 9 கிடையாது என்பதால் 0128ஐ எழுத்தாகவே விட்டுவிடும். சிலர் மட்டும் தப்பித்தது அப்படித்தான். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்தை 6:30 என்று எழுதினால் நிமிடக் கணக்காக்கி 390 என்கும். 06:30 என்றால் தொடாது! 2009இல் வந்த 1.2 திருத்தம்கூட முழு மருந்தில்லை. அதில் 0127 வெறும் 127 ஆகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் எனக்குப் பயம்.

இதே வேலைக்கான இன்னொரு வடிவமான ஜேசன் (JSON) 0127ஐ ஏற்காது, நல்லது. ஆனால் குறிப்பு எழுத இடமில்லை. ஜேசனை உருவாக்கிய டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தெரிந்தேதான் அந்த வசதியை எடுத்தார். கடைசியில் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் கோப்பு படுத்துவிடும். ஐஎன்ஐ (INI) என்ற பழைய வடிவத்துக்குப் பொது விதி என்று ஒன்றில்லை. சின்ன வேலைக்குப் போதும்.

கிராணி கையில் போகும் கோப்புக்கு இப்போது டோமல் (TOML) என்ற வடிவம்தான் வைக்கிறேன். டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013இல் தொடங்கியது, 2021இல் 1.0 ஆனது. பைத்தான் 3.11 முதல் அதைப் படிக்கும் நிரல் கூடவே வருகிறது. அடுக்குக்குள் அடுக்கு என்று போனால் எழுதக் கண்ணைக் கட்டும், உண்மைதான். ஆனால் மேற்கோள் இல்லாத 0127ஐக் கண்டால் வரி எண்ணைச் சொல்லி அங்கேயே நின்றுவிடும்.

போன வாரம் விடியுமுன்னே கிராணியின் அழைப்பு. புது ஆள் எண்ணுக்கு மேற்கோள் போட மறந்திருக்கிறார், மென்பொருள் திறக்கவில்லை. "காலங்காத்தாலயே சண்டை போடுது தம்பி" என்றார். "சம்பளத்தன்னிக்கு ஆளுங்க போடுற சண்டைக்கு இது தேவலாம்."