கரண்டி ஏன் திரும்பத் திரும்ப விழுகிறது?

பத்து மாதப் பிள்ளை சாப்பாட்டுக் கதிரையில் இருந்தபடி கரண்டியைக் கீழே போடுகிறது. அம்மம்மா குனிந்து எடுத்துக் கொடுக்கிறார். மறுபடியும் போடுகிறது. நாலாம் தரம் “சரியான குழப்படி” என்று பெயர் வந்துவிடும். கரண்டியும் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று கொழும்பின் எந்த மாடிவீட்டிலும் நடக்கிற விஷயம்தான்.

அந்தப் பெயரை வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு, நடப்பதை மட்டும் பாருங்கள். எந்தக் கையால் போடுகிறது? ஒவ்வொரு தரமும் ஒரே உயரத்தில் இருந்தா, இல்லை கையை நீட்டியும் மடக்கியும் மாற்றிப் பார்க்கிறதா? கை விட்டதும் கண் எங்கே போகிறது? கரண்டி விழுந்த இடத்துக்குப் போனால், பிள்ளையின் அக்கறை அநேகமாகக் கரண்டி மீது. அம்மம்மாவின் முகத்துக்குப் போனால், ‘நான் போட்டால் இவர் என்ன செய்வார்’ என்பதில் அக்கறை. வெளியே தெரியும் செயல் ஒன்றுதான். கண் போன திசையைக் கவனிக்காவிட்டால் இரண்டும் குழப்படி என்றே தெரியும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று பிள்ளைகளையும் இப்படித்தான் பார்த்துப் பார்த்து எழுதினார். 1931இல் பிறந்த அவருடைய மகன் லோரன், பத்து மாதத்தில், கையில் கிடைத்த பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கீழே விட்டான். கையை ஒரு தரம் நேராக நீட்டினான், ஒரு தரம் சாய்த்தான். கண்ணுக்கு முன்னால் விட்டான், பின்னால் விட்டான். பொருள் தலையணை போன்ற புது இடத்தில் விழுந்தால், அதே இடத்தில் இன்னும் இரண்டு மூன்று தரம் போட்டுப் பார்த்தான். ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பார்த்து, திரும்பச் செய்து உறுதிப்படுத்துவது. ஆய்வுகூடத்தில் நடப்பதும் இதுவேதான்.

இது தகப்பனின் ஆசைப் பார்வையாக இருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். 2015இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு அதற்கு அழகான விடை தருகிறது. 11 மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் சின்னச் சின்ன வித்தைகள் காட்டினார்கள். சில பிள்ளைகள், உருண்டு வந்த பொருள் ஒன்று திண்மமான சுவரை ஊடுருவிப் போனதுபோலக் கண்டார்கள். வேறு சிலர், விளிம்பைத் தாண்டித் தள்ளிய பொருள் விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோலக் கண்டார்கள். பிறகு அந்தப் பொருளைப் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைப் பார்த்த பிள்ளைகள் அதை மேசையில் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்த பிள்ளைகள் அதைக் கீழே போட்டுப் பார்த்தன. உலகம் எங்கே தான் எதிர்பார்த்தபடி நடக்கவில்லையோ, அங்கேதான் பிள்ளை தன் சோதனையை நடத்துகிறது. எனக்கு எத்தனை தரம் படித்தாலும் அலுக்காத ஆய்வு இது.

ஆனால் பத்து மாதத்தில் கையாவது ஓரளவு வசப்பட்டிருக்கிறது. இரண்டு மாதப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? பேச்சு இல்லை, சுட்டிக்காட்ட விரல் இல்லை. இருப்பது பார்வை மட்டும். 1950களின் இறுதியில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்கர் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே இரண்டு படங்களை வைத்து, நடுவில் இருந்த சிறு துவாரத்தின் வழியே பார்த்தார். பிள்ளையின் கண்மணியில் எந்தப் படத்தின் பிம்பம் விழுகிறதோ, அந்தப் படத்தைத்தான் அது பார்க்கிறது. வெறும் நிறத்தட்டைவிடக் கோலமும் முக வடிவமும் உள்ள படங்களைக் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. அடுத்து வந்தது அலுப்பை அளக்கும் முறை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். புதிதாக ஒன்றைக் காட்டியதும் பார்வை மீண்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் ஏமாறவும் இடமுண்டு. மடியில் வைத்திருக்கும் தாய் தன்னை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்தால் பிள்ளையும் அந்தப் பக்கம் பார்க்கும். அதனால்தான் ஆய்வுகூடங்களில் தாயின் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். நேரத்தைக் குறிப்பவருக்கும் திரையில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள்.

பார்க்கிறவருக்குத் தெரிந்த விளக்கமே சில சமயம் அவருடைய கண்ணை மறைத்துவிடும். பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்காலைத் தரையில் தொடவிட்டால், நடப்பதுபோல மாறி மாறிக் காலெடுத்து வைக்கும். இரண்டு மாதமளவில் அது நின்றுவிடும். மூளை வளரும்போது அந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம். எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நிமிர்த்திப் பிடித்தால் காலை அசைக்காத அதே பிள்ளை, மல்லாக்கப் படுத்தியதும் அதே ஒழுங்கில் உதைக்கிறது. படுத்தால் மட்டும் மூளை மாறிவிடுமா? அவரும் சக ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சின்னப் பாரத்தைக் காலில் கட்டியதும் காலெடுப்பது குறைந்தது. கால்கள் தண்ணீருக்குள் இருக்கும்படி பிடித்ததும் கூடியது. முதல் மாதங்களில் காலில் கொழுப்புச் சேரும் வேகத்துக்குத் தசையின் பலம் ஈடுகொடுப்பதில்லை. கால் பாரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் காது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் காட்டியது நமக்கு நெருக்கமானது. ஹிந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளை ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் நன்றாகப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதமாகும்போது பெரும்பாலானவற்றால் முடியவில்லை. சுற்றிலும் கேட்கிற மொழிக்குத் தேவையான வேறுபாடுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் காது கைவிடுகிறது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் த–ட வேறுபாடு வேண்டும், ஆகவே கொழும்புப் பிள்ளைக்கு அது நிலைத்துவிடும். சிங்களத்தில் மலையையும் மரத்தண்டையும் குறிக்கும் சொற்களைப் பிரிப்பது மூக்கொலியின் நீளம் மட்டுமே. வளர்ந்தபின் சிங்களம் படித்த நம்மில் பலருக்கு அது பிடிபடுவதில்லை. கீழ்வீட்டு ஆன்ரியின் சிங்களத்தைத் தினமும் கேட்டு வளரும் பிள்ளைக்கு அதைக் கற்பிக்க வேண்டிய தேவையே வராது.

வீட்டில் இதையெல்லாம் செய்ய ஒரு கொப்பியும் பேனையும் போதும். திகதி, நேரம், நடந்தது. “கோபப்பட்டான்” என்பது உங்கள் ஊகம். “கோப்பையைத் தள்ளினான், கதவைப் பார்த்தான், அழவில்லை” என்பது நீங்கள் கண்டது. டார்வின் தன் முதல் மகனின் உள்ளங்காலை ஏழாம் நாள் ஒரு காகிதத் துண்டால் தொட்டு, அவன் காலை வெடுக்கென்று இழுத்து விரல்களை மடக்கியதைக் குறித்து வைத்தார். 37 வருடம் கழித்து, 1877இல், அதைக் கட்டுரையாக்க முடிந்தது அன்றே எழுதி வைத்ததால்தான். ஞாபகம் அவ்வளவு தூரம் தாங்காது.

கிளினிக்கில் மிட்வைஃப் கேட்கும் கேள்விகளுக்கும் இந்தக் கொப்பி உதவும். முக்கியமாகக் காது கேட்பது பற்றி. செவித்திறன் குறைந்த குழந்தை நிழலையும் தரை அதிர்வையும் கவனித்துத் திரும்பும்; வீட்டில் எல்லாரும் “நல்லாகக் கேட்குது” என்றிருப்பார்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது, பின்னால், நிழல் விழாத பக்கம் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வேறு நாளிலும் செய்து பாருங்கள். திரும்பாவிட்டால் அதை எழுதிக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள், அடுத்த தடுப்பூசித் திகதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.