ரஷ்யப் படையும் ‘ஒரு வருட ஒப்பந்தம்’ என்ற நம்பிக்கையும்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வழக்குகளுக்குத் தோன்றும் சட்டத்தரணி என்ற வகையில், காணிப் பிணக்கு, தாபரிப்பு, விபத்து நட்டஈடு ஆகியவற்றோடு ரஷ்யப் படையில் சேர்ந்த, அல்லது சேர்க்கப்பட்ட, பிள்ளைகளின் விவகாரமும் இப்போது என் மேசைக்கு வருகிறது. கடந்த வாரம் தருமபுரத்திலிருந்து வந்த ஒரு தாய் தமது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ரஷ்ய மொழியில் அச்சிட்ட தாளின் கடைசிப் பக்கம். அதன் அடியில் மகனின் கையெழுத்து, அதுவும் தமிழில். மற்றப் பக்கங்களைப் படமெடுக்க விடவில்லையாம். “ஒரு வருசம்தானே சேர், சித்திரையோட முடியுது, பிறகு விட்டிடுவாங்கள்தானே?” என்று கேட்டார்.

விடமாட்டார்கள். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்காமல் இல்லை. கட்டாரிலோ சவூதியிலோ இரண்டு வருடக் கொந்தராத்து முடிந்தால் கம்பனி ரிக்கற் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடும் என்பது எங்கள் ஊர்களின் அனுபவம். ஆனால் படைச் சேவை ஒப்பந்தம் தொழில் ஒப்பந்தம் அன்று. 2022 செப்டெம்பர் 21 ஆம் திகதி ரஷ்ய ஜனாதிபதி பகுதி அணிதிரட்டலை, அதாவது உக்ரைன் போருக்காக ரிசேர்வ் படையினரை அழைப்பதை, அறிவித்த அதே ஆணையில், படையினரின் சேவை ஒப்பந்தங்கள் அணிதிரட்டல் காலம் முடியும்வரை செல்லுபடியாகும் என்றும் எழுதப்பட்டுள்ளது. அந்தக் காலம் எப்போது முடியும் என்று ஆணையில் திகதி இல்லை. வயதெல்லை, மருத்துவத் தகுதியின்மை, சிறைத்தண்டனை ஆகியவையே வெளியேறுவதற்கு அது காட்டும் வழிகள். ஆகவே தாளில் பன்னிரண்டு மாதம் என்று எழுதியிருந்தாலும், பன்னிரண்டாவது மாதம் முடிந்த மறுநாளும் உங்கள் மகன் அதே படையின் சிப்பாய்தான். முகவர் சத்தியம் செய்தாலும், ஏற்கனவே போனவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாலும் அந்த ஆணை மாறாது.

இன்னொன்றையும் பெருமையாகச் சொல்கிறார்கள்: ரஷ்யக் குடியுரிமை கிடைக்குமாம். கிடைக்கலாம், ஒப்பந்தமிட்ட வெளிநாட்டவருக்குக் குடியுரிமையை எளிதாக்கும் ஆணை 2024 ஜனவரியில் வந்தது. ஆனால் அந்த 2022 அணிதிரட்டலில் அழைக்கப்பட்ட மூன்று இலட்சம் பேர் யார்? பெரும்பாலும் சேவை முடித்து வீட்டிலிருந்த, ரிசேர்வ் பட்டியலில் பெயருள்ள முன்னாள் படையினர்தாம். குடியுரிமையோடு அந்தப் பட்டியலும் வரும். அத்துடன், இரட்டைக் குடியுரிமைக்கு முறைப்படி விண்ணப்பிக்காமல் வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெறுபவர் எமது சட்டப்படி இலங்கைப் பிரசையாக இருக்க முடியாது. பிறகு தூதரகத்தின் கதவைத் தட்டி என்ன பயன்?

ரஷ்யப் படையில் 554 இலங்கையர் சேர்ந்திருந்தனர், அவர்களில் 59 பேர் இறந்தனர் என்று 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். தெற்கில் முகவர்கள் முதலில் தேடிச் சென்றது ஓய்வுபெற்ற படையினரை. ‘பயிற்சி உள்ளவர்களுக்குச் சம்பளம் கூட’ என்று யாராவது பேச்செடுத்தால், புனர்வாழ்வு பெற்று வந்து கூலி வேலையில் அல்லாடும் எமது முன்னாள் போராளிகள் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விட வேண்டும். வடக்கிலோ பிரான்சுக்கு என்று புறப்பட்ட பொடியன்களும் அங்கே சிக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கொருவர் என்று போருக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில் மகன்மாரைப் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்த தாய்மாரே இன்று தாலிக்கொடியை அடகு வைத்து அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சமையல் வேலை, காவலாளி வேலை என்று சொன்னார்களாம். படை முகாமில் சமைப்பவனும் படையாள்தான்.

இடையில் ஒரு காணிச் சமாசாரம். வன்னியில் பலரிடம் இருப்பது உறுதி அன்று, அரச காணி அனுமதிப்பத்திரம். அதை முகவரிடம் ஈடு வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால்தான் அவர்கள் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

முகவருக்கு அனுமதி உள்ளதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலை என்றால் அத்துடன் பேச்சை முடியுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். காசு கொடுத்தால் வங்கி மூலம் கொடுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். கையிற் கொடுத்துவிட்டு வந்தால் நான் நீதவானிடம் எதைக் காட்டுவது?

ஏற்கனவே போய்விட்ட பிள்ளையிடம் ‘ஓடி வா’ என்று தயவுசெய்து தொலைபேசியில் சொல்லாதீர்கள். அணிதிரட்டல் காலத்தில் படையை விட்டு ஓடுவதற்கு ரஷ்யச் சட்டத்தில் பதினைந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. உங்கள் உரையாடலை வேறு யாரும் கேட்கவில்லை என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. அதற்குப் பதிலாக முழுப் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், படைப்பிரிவு இலக்கம், கடைசியாகப் பேசிய திகதி, முகவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். குரல் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள். யாழ்ப்பாணத்திலுள்ள, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, அதன் பிரதியோடு பொலிசிலும் முறைப்பாடு பதியுங்கள். ஏமாற்றி ஆட்களை அனுப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவின் கீழ் ஆட்கடத்தற் குற்றமாகலாம். முகவர் உறவினர் என்பதற்காக அவரது பெயரை முறைப்பாட்டில் விட்டுவிடாதீர்கள்.