சீக்வல், பாகம், மறுகாய்ச்சல்

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில கெடக்கும், வீட்ல இருப்புக்கொள்ளாது, அப்படி ஒரு நாள் மச்சானோட பாம்பன்ல பஸ் ஏறி ராம்நாடு போயி ஒரு பேய் காமெடியோட ரெண்டாவது பார்ட்ட பாத்தேன். மொதப் படத்துல பக்கத்துல நிக்கிறது பேய்னு தெரியாம ஒருத்தன் அது தோள்ல கையப் போட்டு ஊர்க்கதை பேசுவான், தியேட்டரே உருண்டுச்சு. இதுலயும் அதே தோள், அதே கை, பேய் மட்டும் சேல மாத்தியிருந்துச்சு. இன்டர்வல் வரைக்கும் பொறுத்த மச்சான், "மாப்ள, இது சீக்வலா, இல்ல பழைய ரீலையே மாத்தி ஓட்டுறாய்ங்களா?"ன்னான்.

சீக்வல், நமக்கு இங்கிலீஷ்ல இருந்து வந்த சொல்லு, வேரு லத்தீன். செக்வின்னா பின்னாடியே போறது. இங்கிலீஷுக்கு வந்த புதுசுல ஒரு பெரிய மனுசன் பின்னாடி வர்ற அல்லக்கைக் கூட்டத்துக்குத்தான் இந்தப் பேரு, கதைக்கு ஒட்டுனது பெறகுதான். செகண்டுங்கிற சொல்லும் அதே வேருதான், முன்ன போனதுக்குப் பின்ன வர்றது ரெண்டாவதுதானே. டாக்டருங்க ஒரு நோய் போனப்பெறம் ஒடம்புல தங்குற கோளாறுக்கு செக்வெலாம்பாங்க, அதுவும் இதே சொல்லுதான், தமிழ்ல பின்விளைவு. மொதப் படம் ஓடுனதோட பின்விளைவுதான் நாங்க பாத்ததுன்னா அர்த்தம் கச்சிதமா ஒக்காருது.

தமிழ்ல நேர்ச்சொல்லு தொடர்ச்சி. தொடர்றதுன்னாலும் பின்னாடி போறதுதான், ஆக லத்தீன்காரன் நெனச்சதும் நம்மாளு நெனச்சதும் ஒண்ணு. ஆனா போஸ்டர்ல பாகம்னுதான் போடுறாங்க. இதுலதான் வேடிக்கை, தமிழ் எழுத்துல பாகம்னு ரெண்டு சொல்லு ஒண்ணு போலவே நிக்குது, ரெண்டும் சமஸ்கிருதத்துல இருந்து வந்ததுதான். ஒண்ணு பங்கு, பாகப்பிரிவினைல வர்றது. இன்னொண்ணு சமையல், நளபாகத்துல வர்றது. பெரிய கதைய ரெண்டாப் பங்கு வச்சு எடுத்தா மொத அர்த்தத்துல இரண்டாம் பாகம்னு சொல்லலாம், இல்லாட்டி அடுப்படி அர்த்தம்தான் பொருந்தும்.

இன்னொரு பழைய சொல்லு உத்தரம், பிந்தி வர்றதுன்னு பொருள். கம்பர் பட்டாபிஷேகத்தோட முடிச்சிட்டார், அதுக்குப் பிந்துன கதையத்தான் ஒட்டக்கூத்தர் உத்தரகாண்டமா பாடுனார்னு சொல்லுவாங்க. அதுல சீதை காட்டுக்குப் போறா, லவனும் குசனும் பொறக்குறாங்க, கதை நகருது. மொதல்ல நல்லா எடுபட்டுச்சேன்னு ராமர் திரும்பவும் வந்து நம்ம தனுஷ்கோடியில இன்னொரு பாலம் கட்டல பாருங்க, அதுக்குப் பேருதான் தொடர்ச்சி.

நம்பர் போடுறதுலயும் குழப்பம் இருக்கு. 2007ல முனி வந்துச்சு, 2011ல வந்த காஞ்சனா அதுக்கு ரெண்டாவது, 2015ல காஞ்சனா 2ன்னு வந்தது எண்ணிப் பாத்தா மூணாவது. நம்பரு கதைக்கில்ல, ஓடுன பேருக்கு.

சரி, சரக்குத் தீந்துபோன காமெடி சீக்வலுக்குத் தமிழ்ல என்ன பேரு? அரைச்ச மாவுங்கிறது எல்லாரும் சொல்றது. நான் சுண்டக்கொழம்புன்னு வச்சுப் பாத்தேன், பொருந்தல. அன்னைக்கு ராத்திரி மச்சான் வீட்ல அத்தை மொத நா வச்ச சீலா மீன் கொழம்ப மண்சட்டியோட அடுப்புல ஏத்தி, ஓரத்துல எண்ணெ பிரிஞ்சு கரண்டியில கெட்டியா ஒட்டுற வரைக்கும் சுண்டவிட்டுத்தான் எறக்குனாங்க. புளியும் ஒரப்பும் மீனுக்குள்ள எறங்கி, மொத நாளவிட ருசி. சுண்டுனா தண்ணி போகும்ல, அந்தப் படத்துல நடந்தது தலகீழு, மிச்சம் இருந்த ரெண்டு ஜோக்குல ரெண்டேகா மணி நேரத்துக்குத் தண்ணிய ஊத்தியிருந்தாங்க. அதனால நான் வச்ச பேரு மறுகாய்ச்சல். திரும்பக் காய்ச்சுறதும் அதுதான், போன சொரம் திரும்ப வர்றதும் அதுதான், லத்தீன் டாக்டருக்கும் கோவம் வராது.

அத்தைட்ட படக்கதையச் சொன்னோம். கேட்டுட்டு, "அது கொழம்பு இல்லப்பா, சட்டி கழுவுன தண்ணி"ன்னாங்க.