திராவெர்சோ: ‘மரப் புல்லாங்குழல்’ அன்று, குறுக்குக்குழல்

17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் இசையைப் பற்றித் தமிழில் எழுதுவோர், அக்காலத்தில் குறுக்காகப் பிடித்து ஊதிய ‘திராவெர்சோ’ என்ற குழலை ‘மரப் புல்லாங்குழல்’ என்று பெயர்ப்பதை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். இந்தப் பெயர்ப்பு சொல்லாலும் பிழை, பொருளாலும் பிழை.

திராவெர்சோ இத்தாலியச் சொல். இலத்தீன் வழி வந்தது. ‘குறுக்கான’ என்பது பொருள். ‘ஃப்ளாவுட்டோ திராவெர்சோ’ என்ற முழுப்பெயரின் சுருக்கம் அது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ‘ஃப்ளாவுட்டோ’ என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் வாய்க்கு நேராகப் பிடித்து ஊதும் ரெக்கார்டர் என்ற குழலையே குறிக்கும். ஆகவே குறுக்காகப் பிடிப்பதற்கு அடைமொழி தேவைப்பட்டது.

இனி ‘மரப் புல்லாங்குழல்’. புல்லாங்குழல் என்ற பெயர் புல்லால் ஆகிய குழல் என்றே விளங்கும்; அந்தப் புல் மூங்கில். ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்று தொல்காப்பிய மரபியல் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. வெளியே வைரம் பாய்ந்த மூங்கில் புல்; திராவெர்சோ கடையப்படும் பாக்ஸ்வுட்டும் கருங்காலியும் மரம். அப்படியிருக்க, மரத்தாலான புல்குழல் என்று ஒரு கருவிக்குப் பெயரிடுவது எவ்வகையில் பொருந்தும்? வழக்கில் அச்சொல் எல்லாக் குழலுக்கும் பொதுவாகிவிட்டது என்று சிலர் விடை கூறுவர். அதை ஏற்றுக்கொண்டாலும் ‘மரம்’ என்ற அடைமொழி எதையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. ரெக்கார்டரும் மரமே; போம் என்ற ஜெர்மானியக் கருவி வடிவமைப்பாளர் வகுத்த முறையில் அமைந்த இன்றைய குழலையும் மரத்தில் செய்கிறார்கள்; மறுபுறம், தந்தத்தில் கடைந்த திராவெர்சோக்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

திராவெர்சோவைத் திராவெர்சோ ஆக்குவது அதன் துளையமைப்பு. தலைப்பகுதியில் உருளையாக இருக்கும் உட்துளை அடிநோக்கிச் செல்லச் செல்லக் குறுகும், விரல்துளைகள் ஆறு, வலக்கைச் சிறுவிரல் அழுத்தித் திறக்கும் ‘கீ’ எனப்படும் துளைமூடி ஒன்றே ஒன்று. இடைப்பட்ட சுரங்கள் சிலவற்றை, ஒரு துளையைத் திறந்து அதற்குக் கீழுள்ளவற்றை மூடும் குறுக்கு விரலமைப்பால் எழுப்ப வேண்டியிருப்பதால், அவை சற்றே மங்கி, திரைக்குப் பின்னிருந்து வருவன போல ஒலிக்கும். சுருதிக்குச் சுருதி நிறம் மாறும் அந்த அழகை 1847இல் போம் வடிவமைத்த உருளைக்குழல் சமன்படுத்திவிட்டது.

பெயர்க் குழப்பத்தால் இசையே மறைந்துபோகும் இடமும் உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1721இல் பிராண்டன்பர்க் கோமகனுக்குக் காணிக்கையாக்கிய, தனிக்கருவிகளும் குழுவும் சேர்ந்து இசைக்கும் ஆறு கன்செர்ட்டோக்களில் நான்காவதில் இரண்டு ரெக்கார்டர்கள், ஐந்தாவதில் திராவெர்சோ. இரண்டையும் ‘புல்லாங்குழல்’ என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர், பாக் கவனமாகக் காட்டிய வேறுபாட்டைத் தமிழ் வாசகரிடமிருந்து பறித்துவிடுகிறார்.

நான் முன்வைப்பது ‘குறுக்குக்குழல்’. குறுக்கும் நெடுக்கும் என்று நாம் அன்றாடம் சொல்வதால், ரெக்கார்டருக்கு ‘நெடுக்குக்குழல்’ என்ற இணைச்சொல்லும் தானே கிடைக்கிறது. குறுக்குவழி, குறுக்குப்புத்தி ஆகியவற்றின் நிழல் இதில் விழும் என்பாருக்குக் குறுக்குத்தெருவையும் குறுக்குச்சுவரையும் நினைவூட்டுகிறேன். இன்றைய உலோகக் குழலும் குறுக்காகப் பிடிப்பதே என்பது நியாயமான தடை. ஐயம் எழும் இடத்தில் ‘பரோக் குறுக்குக்குழல்’ என்று எழுதினால் போதும்.

இதே கட்டுரைகளில் ‘பீரியட் இன்ஸ்ட்ருமென்ட்’ என்பது ‘காலக் கருவி’ ஆகியிருப்பதையும் சொல்லியாக வேண்டும். அதைப் படிப்பவர் மனத்தில் கடிகாரமே தோன்றும். இசை எழுதப்பட்ட காலத்துக் கருவியை, அல்லது அதன் அளவுகளைப் பின்பற்றி இன்று செய்த படியைக் குறிப்பதே அத்தொடரின் நோக்கம். ஒரு சுட்டெழுத்தைச் சேர்த்து ‘அக்கால இசைக்கருவி’ என்றால் அந்தப் பொருள் முழுமையாக வந்துவிடுகிறது.